ரெண்டாவது வாய்

"புள்ளையப் பொதைச்ச மண்ணு இன்னும் காயல. இவரு அங்க போயி பீர் குடிச்சிட்டு வந்திருக்காரு!"

அந்தோணிசாமி செல்போனை அக்காவின் முன்னால் நீட்டினான்.

வீடியோ ஓடியது. ருவாண்டாவில் ஏதோ ஒரு மலையோரத்து வீட்டு வாசல். அக்கா புருஷன் தேவசகாயம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெண்மணி சுரைக்குடுவையை இரண்டு கையாலும் நீட்டுகிறாள். அதில் செருகியிருந்த நாணல் குழாயில் வாய் வைத்து அவர் உறிஞ்சுகிறார்.

"அமலன்கூட வேல பாத்த அந்த ஊருப் பையன் ஸ்டேட்டஸ் போட்டிருக்கான். வாழப்பழ பீராம். கீழயே எழுதியிருக்கான் பாருக்கா."

சவரியம்மாள் பார்க்கவில்லை. மகனுடைய போட்டோவுக்குக் கீழே சுவரில் சாய்ந்தபடி இருந்தாள்.

மஞ்சக்குப்பத்தில் தேவசகாயத்தைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இருந்த டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி நடுரோட்டில் உட்கார்ந்தவர். பங்குக் கோயில் மதுவிலக்குச் சபைக்கு அவர்தான் தலைவர். கிறிஸ்துமஸ் கேக்கைக்கூட, "ரம் ஊத்தியிருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார். அப்பேர்ப்பட்டவர் குடிக்கிற வீடியோ என்றால் ஊர் சும்மா இருக்குமா?

அவர் மகன் அமலன் அண்ணாமலை நகரில் சிவில் படித்தவன். ரோடு போடுகிற கம்பெனி வேலைக்கு ருவாண்டா போனான். சைட்டில் அளவெடுத்துக்கொண்டிருந்தவன் மேல் டிப்பர் லாரி ஏறிவிட்டது. பெட்டியில்தான் கடலூர் வந்து சேர்ந்தான்.

அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டு சவரியம்மாள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. "எம்புள்ள மேல ஏத்துனவனோட அம்மாவும் என்னாட்டம் மண்ணுல பொரண்டு அழணும்!"

மகனுடைய துணிமணிகளை எடுத்து வரத்தான் தேவசகாயம் அங்கே போனார். நேற்றுதான் திரும்பினார்.

"ஏன் மாமா, இதுக்குத்தான் பிளேன் ஏறிப் போனீங்களா?"

அந்தோணிசாமி கதவோரம் நின்ற தேவசகாயத்தை முறைத்துவிட்டு, வீடியோவைத் தள்ளி ஓட்டினான்.

"மரியாதைக்கு ஒரு வாய் குடிச்சீங்கன்னா ஒத்துக்கலாம். இங்க பாரு அக்கா. அந்தம்மா குடுவைய எடுத்துக்கிட்டுப் போவுது. மாமாவே கூப்புட்டு, கைய நீட்டி வாங்கி, மறுபடியும் குடிக்கிறாரு! அவ்ளோ ருசி!"

இதைக் கேட்க அந்தோணிசாமிக்கு எல்லா உரிமையும் உண்டு. சாயங்காலம் ஆனால் அவன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்பது மொத்தச் சபைக்கும் தெரியும்.

"என்னால தெருவுல தல காட்ட முடியல மாமா. சபையில கேட்டா என்னா சொல்லுவீங்க?"

"தலைவர் பதவி வேணாம்னு சொல்லிடறேன் மச்சான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அந்தோணிசாமி தலையில் அடித்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

காரணம் சொல்லியிருந்தால் அவன் வாய் அப்போதே அடைத்திருக்கும். ஆனால் சவரியம்மாள் காதில் விழுந்துவிடுமே என்ற பயம் தேவசகாயத்துக்கு. ஊர் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம், இவளுக்கு எப்படிச் சொல்வது?

"ஏங்க."

திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"புளிப்பா இருந்திச்சா?"

"புளிப்புதான். கொமட்டிச்சி."

"பின்ன ரெண்டாவது வாய் எதுக்கு?"

தேவசகாயம் தரையைப் பார்த்தார். இனி மறைக்க முடியாது.

"குடுவையக் குடுத்தது டிரைவரோட அம்மா."

சவரியம்மாள் சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் பக்கத்து வழக்கமாம் சவரி. தப்பு பண்ணுன வீட்டுக்காரங்க பீர் காய்ச்சிக் குடுப்பாங்களாம். பறிகுடுத்தவங்க அதுல வாய் வச்சா, மனசுல பகை இல்லன்னு அர்த்தம். கேஸு, ஜெயிலு எல்லாம் வேற. அமலன்கூட வேல பாத்த பையன்தான் இங்கிலீஷ்ல வெளக்கிச் சொன்னான்."

அவள் காலை மடக்கி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ரெண்டு ஷிப்டு சேத்து ஓட்டிட்டு, கண்ணசந்துட்டானாம் அந்த டிரைவரு. நம்ம அமலன் வயசுதான் இருக்கும். ஜாமீன்ல வந்து உள்ள சுருண்டு கெடந்தான். அன்னையிலேர்ந்து ஒரு வாய் சோறு எறங்கலியாம். அவன் அம்மா குடுவையோட என் முன்னாடி நிக்கிறா. எழுந்து வந்துடலாம்னுதான் பாத்தேன். முடியல. குடிச்சிட்டேன்."

"சரி..."

"திரும்பிப் போனவ, வாசப்படியில நின்னு அழுதா. என்னான்னு கேட்டேன். 'அப்பா குடிச்சிட்டாரு, பெத்தவ குடிக்கலியே, அவுங்க மனசு ஆறலன்னா எம்புள்ள எப்படி எழுந்திரிப்பான்'னு அழுவுறாளாம்."

தேவசகாயத்தின் குரல் உடைந்தது.

"அந்த ரெண்டாவது வாய் உன்னுது சவரி. உன்ன ஒரு வார்த்த கேக்காம, உனக்குப் பதிலா நான் குடிச்சிட்டேன்."

அவள் கத்துவாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அண்ணாந்து மகனுடைய போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் அந்தப் புள்ள சாப்புட்டானா?"

"சாப்புட்டான். வெளிய வந்து, எம்பக்கத்துல உக்காந்து ஒரு பிடி சாப்புட்டான்."

சவரியம்மாள் தொண்டையைக் கையால் நீவிக்கொண்டாள்.

"சாப்புடட்டும். எனக்குத்தாங்க இன்னும் அந்த ஒரு வாய் எறங்க மாட்டேங்குது."