மாத்திரைக்குக் கேட்காத வலி

"வயித்து வலி மாத்திரைதான் வீட்ல அட்டை அட்டையா கிடக்கே. இதுக்குப் போய் டாக்டரம்மாவப் பார்க்க வரிசையில உட்காரணுமா? ஊருக்கெல்லாம் தைரியம் சொல்ற ஆளு நீங்க" என்றாள் மனைவி.

"போட்டுப் பார்த்துட்டேன். மாத்திரைக்கு வலி கேக்க மாட்டேங்குது" என்றார் கணவர்.

உள்ளே டாக்டரம்மா நாடி பிடித்தார். வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. அதே மாத்திரையப் போடுங்க, சரியாயிடும்."

வெளியே வரும்போதே கணவரின் முகம் தெளிந்திருந்தது.

"பாதி வலி போயிடுச்சு."

"இன்னும் மாத்திரையே போடலையே?"

அவர் சிரித்துக்கொண்டே எதிர் அறைக்குள் போய், ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மணியடித்தார். முதலில் வந்த நோயாளிக்கு, நேற்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

"மாத்திரைக்கு வலி கேக்கல, டாக்டர்."

"மாத்திரை அதேதான். மேல ஏறிப் படுங்க, வயித்தத் தொட்டுப் பார்க்கணும்."