ரெண்டு வேலைத் துப்பாக்கி

துப்பாக்கியைக் குறை சொல்கிறாரா, அதை வாங்கிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த மனுஷரையா? அவளுக்குப் பிடிபடவில்லை.

மாப்பிள்ளை கதிரேசன் காலி ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அரிசோனாவின் மாலை வெயில். ஆள் உயரக் கள்ளிகள்.

"ரவைத் தோட்டாவும் போடலாம், குண்டும் போடலாம்னு மாமா வாங்கிட்டார். ரெண்டுக்கும் ஆகாது அத்தை இது."

பொறுமையாக விளக்கினார். பொடிக் குண்டுகள் அடைத்த ரவைத் தோட்டா நீளம். அதற்காகத் தோட்டா உட்காரும் அறையை நீட்டியிருக்கிறார்கள். குட்டைக் குண்டு அந்த நீளத்தைக் கடந்து துப்பாக்கிக் குழாய்க்குள் நுழைவதற்குள் குறி பிசகும். குண்டைச் சுழற்றக் குழாய்க்குள் வரி வெட்டியிருக்கிறார்கள். ரவையும் சேர்ந்து சுழன்று வளையமாக விரிந்துவிடும். நடுவில் ஒன்றும் படாது.

அவளுக்குத் தெரியும்.

கணவர் எதை வாங்கினாலும் அது ரெண்டு வேலை செய்யவேண்டும். தேங்காயும் துருவுகிற கிரைண்டர். கட்டிலாகிற சோபா. உட்கார்ந்தால் முதுகு வலிக்கும், படுத்தால் இடுப்பு.

பாம்புக்கென்று இதை வாங்கி வந்த அன்று, கொல்லையில் ஓர் அட்டையை நிறுத்தினார். அவளைப் பாம்பு வரையச் சொன்னார்.

வரைந்தாள். முகம் கொஞ்சம் பூனை மாதிரி வந்துவிட்டது.

தள்ளி நின்று சுட்டார்.

சுற்றிலும் வட்டமாகப் பொத்தல்கள். நடுவில் பாம்பு, பூனை முகத்தோடு, அப்படியே.

"பாம்புக்கு மாலை போட்டுட்டீங்க" என்றாள்.

அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

அதன்பிறகு நிஜப் பாம்பு வந்தபோதெல்லாம் தண்ணீர்க் குழாயைத்தான் திருப்பிவிட்டார்.

"பக்கத்து வீட்டுலயே திருடன் வந்திருக்கான். நீங்க தனியா இருக்கீங்க" என்றார் மாப்பிள்ளை. "இதைக் கடையில குடுத்துட்டு நல்லதா ஒண்ணு வாங்கிடலாம். ஒரே வேலைதான் செய்யும். சரியா செய்யும்."

நல்ல பிள்ளை. அக்கறையில்தான் சொல்கிறார்.

அவள் கையை நீட்டினாள். அவர் துப்பாக்கியைக் கொடுத்தார்.

படுக்கையறை அலமாரியைத் திறந்தாள். உள்ளே அந்த அட்டை சாய்ந்திருந்தது. துப்பாக்கியை அதன் முன்னால் வைத்தாள். பழைய வேட்டி ஒன்றை எடுத்து இரண்டையும் சேர்த்துப் போர்த்தினாள்.

கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"ரொம்ப தூரம் ஓட்டிட்டு வந்திருக்கீங்க மாப்பிள்ளை. கொஞ்சம் படுங்க. சோபாவை விரிச்சுத் தரேன்."

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது.