கிரைண்டர் வீடு

"ஏழு வீட்டுல அம்மை. எங்கேருந்து வந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அப்போ ஆகாயத்துலேருந்தா குதிச்சுச்சு?"

நர்ஸ் அமலாவின் குரல் தெருமுனை வரை கேட்டது. காலை எட்டு மணியிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். கையில் ஒரு நோட்டு. யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்று அதில் கோடு இழுக்க வேண்டும். இழுக்கத்தான் ஒருத்தரும் விடுவதாயில்லை.

எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு. "நாங்க எங்கயும் போகலியே நர்சம்மா."

வேறு நாளாக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பாள். ஆனால் இந்தத் தெருவின் நிறைமாதக் கர்ப்பிணி சங்கவிக்கும் நேற்று உடம்பெல்லாம் கொப்புளம். பிரசவ நேரத்து அம்மை, குழந்தை பிழைப்பதே கஷ்டம் என்று விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தெருவில் இன்னும் இரண்டு கர்ப்பிணிகள். வந்த வழி தெரிந்தால் அவர்களையாவது காப்பாற்றலாம்.

"பூமாலை, நீயாவது வாயைத் திற. பதினைஞ்சு நாளைக்கு முன்னாடி எங்க போன?"

"சத்தியமா எங்கயும் போகல நர்சம்மா. வேணி வீட்டு கிரைண்டருக்கும் வீட்டுக்கும்தான் நடந்துக்கினு இருந்தேன்."

"அது போறது இல்லையா?"

"மாவாட்டப் போறதெல்லாம் ஒரு போக்கா?"

அமலா தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி ஏழு வீடும் ஏறினாள். ஏழு வீட்டுக்காரிகளும் அங்கேதான் மாவாட்டியிருக்கிறார்கள், சங்கவி உட்பட. மாவு அரைபடும் வரைக்கும் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து ஊர்க்கதை வேறு. அந்தப் பிள்ளைகள் திண்டிவனத்துப் பள்ளிக்கூட வேனில் போய் இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தார்களோ!

நேராக வேணி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உன் பையன் கோபிக்கு அம்மை போட்டுச்சா?"

"ஆமாங்க, இருபது நாள் ஆச்சு. திண்டிவனத்துல டாக்டர்கிட்ட காட்டினோம். உள்ரூம்லயே வச்சிக்கினு மாத்திரை குடுத்தேன். நல்லாயிடுச்சு."

"அப்பவும் தெருவே வந்து உன் வீட்ல மாவாட்டிக்கினு இருந்துச்சு?"

பூமாலை பின்னாலேயே வந்துவிட்டாள். "ஐயோ, ஆத்தா வந்திருக்கறது தெரிஞ்சா நாங்க படி ஏறுவோமா? வாசல்ல வேப்பிலையே இல்லியே நர்சம்மா!"

அமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேணி, அங்க ஒரு குழந்தையோட உயிர் ஊசலாடுது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சங்கவி வந்திருப்பாளா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"வாயால சொல்லக் கூடாதுங்க. அது எங்க வழக்கம். வாசல்ல வேப்பிலை செருகுவோம். அதைப் பாத்தா யாரும் உள்ள வர மாட்டாங்க."

"அப்போ அதையாவது செருகித் தொலைச்சிருக்கலாம்ல!"

வேணியின் கண் கலங்கிவிட்டது.

"செருகலாம்னு கொத்து ஒடிச்சிக்கினுதான் வந்தேன். போன மாசம் அங்கன்வாடியில எங்களை உட்கார வச்சுச் சொன்னீங்களே, 'வேப்பிலை செருகறதெல்லாம் மூடநம்பிக்கை, இனிமே ஒருத்தர் வாசல்லயும் நான் அதைப் பாக்கக் கூடாது, டாக்டர்கிட்ட போங்க'ன்னு. அது ஞாபகம் வந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு எல்லாரும் தலையை ஆட்டிட்டு வந்துட்டாங்க. நீங்க சொன்னபடி செஞ்சது இந்தத் தெருவுல நான் ஒருத்திதான் நர்சம்மா."