சீஸுக்கு மேல் ஒரு முடி

"சீ! த்தூ! முடி!"

ஏகநாதன் போட்ட சத்தத்தில் விமான நிலையமே திரும்பிப் பார்த்தது. பீட்சாவின் சீஸுக்கு மேல் முழ நீளத்துக்கு ஒரு முடி நெளிந்துகொண்டு கிடந்தது.

"குடலைப் பிரட்டுது! இதை மனுஷன் தின்பானா?" தட்டை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

"மெதுவா பேசுங்க. ஃபிளைட்டுக்கு நேரமாச்சு," என்றாள் மனைவி நாகலக்ஷ்மி. ஏசி குளிரோ என்னவோ, முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

புனேவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார்கள். நாகலக்ஷ்மி அஸ்தினாபுரம் வீட்டிலிருந்து பெட்டிகளோடு வந்தாள். ஏகநாதனுக்குக் கம்பெனியின் கூடுவாஞ்சேரி கிளையில் மூன்று நாள் ஆடிட். ராத்திரி இரண்டு மணி வரை வேலை என்று அங்கேயே லாட்ஜில் தங்கிவிட்டு, இப்போது நேராக இங்கே வந்தார். வந்த வேகத்தில் கோட்டைக் கழற்றி உதறி நாற்காலியில் மாட்டிவிட்டு, அவள் வாங்கி வைத்திருந்த பீட்சாவில் பசியோடு கை வைத்தார். வைத்ததும் முடி.

கடையிலிருந்து சிட்டிபாபு தொப்பியும் ஏப்ரனுமாக ஓடிவந்தார். "சாரி சார், வேற போட்டுக் குடுக்கறேன்."

"எவன் தின்பான்? நீங்கள்லாம் குளிக்கிறதே இல்லையாய்யா? கூப்பிடு உன் மேனேஜரை. இன்னிக்கே உன் சீட்டைக் கிழிக்கிறேன்!"

சிட்டிபாபு கைகூப்பினார். நாற்பத்தைந்து வயதில், இருந்த கம்பெனியும் மூடிப்போய், நாயாய் அலைந்து பிடித்த வேலை. சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகிறது.

"புள்ளகுட்டிக்காரன் சார். மேனேஜர் வந்தா என்னைத் தூக்கிடுவாரு."

"தூக்கட்டும்! அசிங்கம் புடிச்ச கடை!"

வேறு வழியில்லாமல் சிட்டிபாபு தொப்பியைக் கழற்றினார். பளபளவென்று வழுக்கை.

"முடி கொட்டிப் பதினஞ்சு வருசம் ஆவுது சார். இன்னிக்குக் கடையில நான் ஒருத்தன்தான். அடுப்புக்குள்ள போயிருந்தா இந்த முடி கருகியிருக்கும். இது இங்க வந்து விழுந்தது சார்."

பக்கத்து மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏகநாதனுக்கு மூக்குடைந்துபோனது. அதற்காக அவர் விட்டுக்கொடுக்கிற ஆளா? சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்ப உன்னோடதுதான்! இவ்வளவு நீட்டு முடி வேற யாருக்கு இருக்கு? எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன், சாப்பிடுற இடத்துல தலையைச் சொறியாதேன்னு. கர்மம், கர்மம்! முப்பது வருஷமா ரசத்துல முடி, மோர்ல முடி. இங்க வந்துமா?"

நாகலக்ஷ்மி முந்தானையை இறக்கினாள்.

மழுங்கச் சிரைத்த மொட்டை. மேலே காய்ந்துபோன சந்தனம்.

"உங்களுக்கு நெஞ்சுவலி வந்தப்ப வேண்டிக்கிட்டேன். நீங்க ஆடிட்டுக்குப் போன அன்னிக்கே திருப்பதி போயிட்டு வந்துட்டேன். புனேக்குப் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன்."

சிட்டிபாபு சத்தமில்லாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நாகலக்ஷ்மி அந்த முடியை இரண்டு விரலால் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"சீ! இது யாருதுங்க?"