துடைக்க வேண்டிய படம்

"டீ ஆறுதுங்க, குடிச்சிட்டுப் போங்க" என்றாள் மனைவி அனுஷியா. நான் மரக்காணம் உப்பளத்திலிருந்து திரும்புவதற்குள் மாரடைப்பில் இறந்துவிட்டாள்.

உப்புத் தண்ணீரில் நீலம் கரைத்துக் கண்ணாடியில் படம் வரைவாள். வாங்குகிறவர்கள் மாதம் ஒருமுறை கொஞ்சமாகத் துடைத்து, ஓராண்டில் அதை அழித்துவிட வேண்டும். அது அவள் வைத்த நிபந்தனை.

அவளுடைய கடைசிப் படத்தைக் குயிலாப்பாளையம் மெர்லின் வாங்கியிருந்தாள். பன்னிரண்டாம் மாதம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"மிச்சத்த நீங்களே துடைங்கண்ணா."

"வேணாம்மா. அவளோடது இது ஒண்ணுதான் இருக்குது."

"அக்காகிட்ட வாக்கு குடுத்துட்டேனே."

துடைத்தேன். வெறும் கண்ணாடி.

மறுநாள் போன் செய்தாள். "அண்ணா, இதுல வேற படம் இருக்குது. அக்கா இத வரைஞ்சதே இல்ல."

மூன்று வருடமாக மாதாமாதம் முழுவதும் துடைக்கிறோம். மறுநாளே புதிதாக ஒன்று வருகிறது. தொட்டால் எப்போதும் விரலில் காயாத நீலம் ஒட்டுகிறது.