இடம் மாறிய கொம்பு

தலைமையாசிரியர் ராமுலு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், விடைத்தாள் கட்டோடு சிறப்பாசிரியை ஹுமேரா. எதிரே பிரவீனா. அவள் கணவன் நஞ்சுண்டன் மட்டும் நாற்காலி வேண்டாமென்று கதவோரப் பெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தான், ஓடுவதற்கு வசதியாக.

"டிஸ்லெக்சியாவுமில்ல, ஒண்ணுமில்லீங்க டீச்சர்! சுத்தச் சோம்பேறித்தனம். அந்தப் பையனை எனக்குச் சின்னதுல இருந்தே தெரியுமுங்க. புஸ்தகத்தைப் பிரிச்சாக் கொட்டாவி, சோத்தைப் போட்டாச் சுறுசுறுப்பு."

பிரவீனா முறைத்தாள். "ஏனுங்க, கொஞ்சம் சும்மா இருங்க."

"வீடுன்னு எழுதச் சொன்னா ஊடுன்னு எழுதியிருக்கு," என்றார் ராமுலு.

"நாங்க பேசறதே அப்படித்தானுங்க சார். பாதி மார்க்காச்சும் போடலாமுங்க," என்றான் நஞ்சுண்டன்.

ஹுமேரா சிரித்துவிட்டாள். "அதை நான் தப்புல சேர்க்கலீங்க. ஆனா 'தேங்காய்' பாருங்க. முன்னாடி நிக்க வேண்டிய கொம்பு ஒவ்வொரு தடவையும் பக்கத்து எழுத்துகிட்டப் போயிருது. படிக்கறப்போ வரியே தாவுது. கேள்வியை வாசிச்சுக் காட்டினா மட்டும் அத்தனைக்கும் டாண்ணு பதில் வருது. புத்தியில ஒரு குறையும் இல்லீங்க."

"எழுத்துக்கு வைக்கற கொம்பைத் தலையில வெச்சுக்கிட்டுத் திரிஞ்சா அப்படித்தானுங்க!"

நஞ்சுண்டன் தானே சிரித்துக்கொண்டான்.

ராமுலு ஒரு கடிதத்தை நீட்டினார். "பரீட்சையில சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளும், கூட ஒரு மணி நேரமும் கேட்டுத் தேர்வுத் துறைக்கு எழுதியிருக்கேன். அனுப்பறதுக்குக் கடைசி நாள் இன்னிக்கு. கையெழுத்தானா உடனே தபால்ல போயிரும்."

நஞ்சுண்டன் கடிதத்தைத் தொடவில்லை. "ஊருக்கே தெரிஞ்சுபோயிருமுங்களே. மூளையில கோளாறுன்னு பேசுவாங்க..."

"இப்ப மட்டும் மெச்சிக்கறாங்களாக்கும்?" பிரவீனா அவன் பக்கம் திரும்பினாள். "பத்தாவதுல ரெண்டு தடவ பெயில். மில்லுல பத்து பாஸ் கேக்கறாங்க. மறுபடியும் கோட்டை விட்டா, அந்த வேலையும் இல்லீங்க. மக்குங்கற பேருதான் மிச்சம். அது தேவலைங்களா?"

நஞ்சுண்டன் எழுந்து மேஜைக்கு வந்தான்.

"இத்தனை வருசமா நானே அந்தப் பையனை மக்கு மக்குன்னு திட்டிப்போட்டேனுங்க டீச்சர்," என்றான், மெல்ல. "எங்கீங்க போடணும்?"

ஹுமேரா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டான். 'தேர்வு எழுதுபவர்: நஞ்சுண்டன், வயது நாற்பத்து மூன்று' என்ற வரியை இன்னொரு முறை சரிபார்த்த ராமுலு, கடிதத்தை உறையிலிட்டு ஒட்டித் தபாலாபீசுக்குக் கொடுத்தனுப்பினார்.