ஏழாவது மாடியில் மக்கள் பார்வை

என் மனைவி வினோதா இறந்த பிறகு எங்கள் ஃபிளாட்டுக்குள் என்னால் நுழைய முடியவில்லை. அதிகாரிகள் குடியிருக்க என்று அரசுக்கு வாடகைக்கு விட்டேன். யாரும் குடிவரவில்லை, வாடகை மட்டும் வந்தது. காலி வீட்டுக்கு எதற்கு மக்கள் பணம் என்று ஊரில் சத்தம் எழுந்தது. மக்களே வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று உத்தரவானது. அவர்கள் வேண்டாம் என்றால் சாவி என்னிடம் திரும்பிவிடும். அந்தப் பயத்தோடு நானும் கூட்டத்தில் ஒருவனாகப் படியேறினேன்.

கதவில் வாடகையைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"நாப்பதாயிரமா! உள்ள யாருய்யா இருக்கா?" என்றாள் முன்னால் நின்ற பெண்.

"யாரும் இல்லம்மா," என்றார் சாவியோடு நின்ற குமாஸ்தா.

"அப்ப பேய்க்கா வாடகை கட்டுறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். குமாஸ்தா கதவைத் திறந்தார். அந்தப் பெண் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள். யாரும் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். உள்ளே போனதும் குரல்கள் தாழ்ந்தன. வெறும் சுவர்கள்தான். அடுப்பு மேடைக்கு மேலே மட்டும் எண்ணெய் தெறித்த புள்ளிகள்.

"இங்க இருந்த பொண்ணும் என்னை மாதிரி மூடாமத்தான் கடுகு தாளிச்சிருக்கா," என்றாள் அவள் மெதுவாக.

நான் வெளியே நின்றேன். செருப்புகள் நடையை நிறைத்துப் படிக்கட்டு வரை இறங்கியிருந்தன. வினோதாவைக் கிடத்தியிருந்த அன்றுகூட இவ்வளவு செருப்புகள் இல்லை.

"நீங்க பாக்கலையா சார்?" என்றார் குமாஸ்தா.

நான் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினேன்.